ஏழாம் நம்பர் பெட்டி

கட்டடத்துக்குள் இருப்பவர்களுக்கு எங்களைத் தெரியாது. உள்ளே ஜில்லென்று இருந்தால் யாரும் கூரையைப் பார்ப்பதில்லை. வியர்த்தால் மட்டும் நிமிர்ந்து பார்ப்பார்கள். கடவுளுக்கும் எங்களுக்கும் இந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமை உண்டு. ஆனால் அவர் ஏணி தூக்குவதில்லை.

எங்கள் வேலை மொட்டை மாடியில். கடைகள் நிறைந்த பெரிய கட்டடங்களின் தலையில் ஆளுயரத் தகரப் பெட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கோடையில் அவை கீழே குளிர்காற்றைத் தள்ளும், குளிர்காலத்தில் சூட்டைத் தள்ளும். நாங்கள் சும்மா 'பெட்டி' என்றுதான் சொல்வோம். கிரேன் வைத்து அதை மேலே ஏற்றி, குழாய் இணைத்து, கரண்ட் கொடுத்து, அதன் பிறகு அது சாகும்வரை அதற்கு மூக்குத் துடைத்துவிடுவது எங்கள் பிழைப்பு. இருபத்திரண்டு வருடமாகத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். முட்டி இரண்டும் போய்விட்டன, தலைமுடி போய்விட்டது, மிச்சம் இருப்பது அனுபவம். அந்த அனுபவம் என்ன லட்சணத்தில் இருந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

என்னோடு வேலை பார்த்தவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. நாற்பது வயது. அவன் என்னை மாமா என்பான், நான் அவனை மாப்ளே என்பேன். குடும்பத்தில் அவனுக்கு 'ராசிக்காரன்' என்று பட்டப்பெயர். பாராட்டி வைத்ததல்ல. போன் ரிப்பேர் கடை வைத்தான். கடை திறந்த மறுவாரம் தெருவைத் தோண்டினார்கள், எட்டு மாதம் மூடவில்லை. கோழி வளர்த்தான், ஒரே வாரத்தில் அறுநூறு கோழிகள் சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சேர்ந்தன. டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தான். அந்த ஸ்கூலின் காரை அந்த ஸ்கூலின் பெயர்ப்பலகை மேலேயே ஏற்றினான். இவன் தொட்டது விளங்காது என்று வீட்டில் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவனே அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தான். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறக் கூப்பிட்டால்கூட, "நான் தொடல, வேற யாரையாவது கூப்பிடுங்க" என்று ஒதுங்கிக்கொள்வான்.

அந்த நேரங்களில் எல்லாம் நான் ஒரு நல்ல காரியம் செய்தேன். பொய் சொன்னேன். கோழித் தீவனத்தை மாற்றி வாங்கியது நான்தான் என்று மாமனாரிடம் சத்தியம் செய்தேன். அன்றைக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தது நான்தான் என்று ஸ்கூல்காரரிடம் கையெழுத்தே போட்டுக் கொடுத்தேன். யாரும் நம்பவில்லை. ஆனால் எல்லாருக்கும் என்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. எனக்கும் என்மேல் வந்துவிட்டது, அதுதான் கஷ்டம்.

ஆறு வருடம் முன்பு அவனைக் கூரைக்கு அழைத்து வந்தேன். கட்டடமே சரிந்துவிடும் என்று மனைவி உட்பட எல்லாரும் எதிர்பார்த்தார்கள். சரியவில்லை. ஸ்க்ரூ டிரைவரின் முனையை மோட்டார்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். "இதுக்கு இன்னும் ரெண்டு மாசம் மாமா" என்பான். சொல்லிவைத்தாற்போல் இரண்டாவது மாதம் பேரிங் போகும். கடைக்காரர்கள் போன் செய்தால் "அந்த உயரமான தம்பியை அனுப்புங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருபடி மேலே போய், கூட வருகிறவர் வராவிட்டாலும் பரவாயில்லை என்றாராம். கூட வருகிறவர் நான்தான்.

அப்படிப் பேர் வாங்கிய வருடம்தான், அவன் மகளின் பள்ளி விண்ணப்பத்தை எங்கள் வீட்டில் வைத்துத்தான் நிரப்பினான். 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் பேனா நிற்கவில்லை. எழுதிவிட்டுத் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான், புதிதாக வாங்கிய செருப்பைப் பார்ப்பதுபோல. அவன் முகத்தில் அப்படி ஒன்றை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

இனி, ஜம்பர். பெட்டிக்குள் குழாயில் அழுத்தம் கண்டபடி ஏறினால் கரண்டை வெட்டிவிட ஒரு காவல் சுவிட்ச் இருக்கும். கோளாறு என்னவென்று பார்க்க வேண்டுமானால் அந்தச் சுவிட்சைக் கொஞ்ச நேரம் ஏமாற்றி ஓட்டிப்பார்க்க வேண்டும். ஒரு சாண் வயர், இரண்டு முனையிலும் பல்லுள்ள க்ளிப். மாட்டினால் சுவிட்ச் இருந்தும் இல்லாத மாதிரி. அதுதான் ஜம்பர். பத்து நிமிடத்தில் கழற்றிவிட வேண்டும். மறந்தால் பெட்டிக்குக் காவலே இல்லை. என்னிடம் ஒரு சுருள் சிவப்பு வயர் இருந்தது. அதில் ஒரே அளவில் இரண்டு வெட்டி, எனக்கொன்று அவனுக்கொன்று செய்திருந்தேன்.

மறக்காமல் இருக்க ஒரு முறை வைத்திருந்தோம். க்ளிப்பை மாட்டினால் இடது சட்டைக்கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட வேண்டும். கழற்றினால் இறக்கிவிட வேண்டும். பெட்டியை மூடும்போது கை தானாகக் கண்ணில் படும். ஒன்று மேலே ஒன்று கீழே என்று கோணலாக இருந்தால், உள்ளே க்ளிப் இருக்கிறது. இந்த முறையைக் கண்டுபிடித்தவன் நான். புதிதாகச் சேர்ந்தவர்களிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

அன்று வெயில் நாற்பத்துமூன்று டிகிரி. மூன்று மாடிக் கட்டடம், பதினொரு பெட்டி. அதில் ஏழாம் நம்பர் மட்டும் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. காலையில் மச்சினன் அதைத் திறந்து, ஜம்பர் போட்டுப் பார்த்து, மூச்சுவிடும் கம்பிவலை முழுக்கத் தூசி அடைத்திருப்பதாகச் சொன்னான். கழுவ வேண்டும். மாடிக் குழாயில் தண்ணீர் வரவில்லை. நாளை பார்க்கலாம் என்று அவனைக் கீழே கடைகளில் ஃபில்டர் மாற்ற அனுப்பினேன். மத்தியானம் அந்தப் பெட்டி மறுபடியும் நின்றது. அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது பார்ப்போம் என்று இந்த முறை என் ஜம்பரை நான் மாட்டினேன். இடது கையை மடித்தேன்.

வலது கையும் காலையிலிருந்தே மடித்துத்தான் இருந்தது. வெயில்.

மேனேஜர் போன் செய்தார். அவரை நாங்கள் 'மெயில்' என்போம். தீப்பிடித்தது என்று சொன்னாலும் "ஒரு மெயில் போடுங்க" என்பவர். இன்னொரு கட்டடத்தில் ஒரு பெட்டி கம்ப்யூட்டர் கடைக்குள் ஒழுகுகிறதாம், உடனே போக வேண்டுமாம். அழுத்தம் பார்க்க மாட்டியிருந்த கேஜைக் கழற்றினேன், கதவை மூடினேன், பழக்கதோஷத்தில் கையைப் பார்த்தேன். இரண்டும் சமமாக இருந்தன. அழகாகக்கூட இருந்தன.

மச்சினன் மேலே வந்தான். ஓடுதா மாமா என்றான். ஓடுது என்றேன். என் கையெழுத்து எனக்கே புரியாது என்பதால் பதிவேட்டை எப்போதும் அவன்தான் எழுதுவான். 'ஏழாம் பெட்டி ஓடுகிறது, நாளை கழுவ வேண்டும்' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் நாங்கள் போவதற்குள் அந்தப் பெட்டியின் ஃபேன் மோட்டார் நின்றுபோனது. காவல் சுவிட்ச் இருந்திருந்தால் எல்லாம் அதோடு அடங்கியிருக்கும். கம்ப்ரஸர் விடாமல் இடித்து, ஒரு குழாயின் பற்றவைத்த இடம் கிழிந்து, எண்ணெய் பீய்ச்சி, வயர் கருகி, புகை. அந்தப் புகையைப் பெட்டியே உறிஞ்சி, குளிர்காற்றை அனுப்புகிற வழியில் ஒரு கடை விடாமல் அனுப்பிவைத்தது. ஜனங்கள் படிக்கட்டில் முட்டிமோதி இறங்கினார்கள். இரண்டாவது மாடிப் படியைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவு அம்மா கூட்டத்தில் உருண்டார். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது.

நாங்கள் மேலே போனபோது தீயணைப்புக்காரர்கள் கிளம்பியிருந்தார்கள். மெயில் நின்றுகொண்டிருந்தார். மச்சினன்தான் பெட்டியைத் திறந்தான். சுவிட்சின் இரண்டு காதையும் கவ்விக்கொண்டு சிவப்பு ஜம்பர் தொங்கியது, தோல் உருகிப்போய்.

அவன் கை தன் சட்டைப் பைக்குப் போனது. பையில் ஒன்றும் இல்லை. நானும் என் பையைத் தொட்டேன். அதிலும் ஒன்றும் இல்லை.

"என்னோடது மாமா" என்றான். "காலைல போட்டேன். எடுத்தேன்னுதான் நெனச்சேன்."

போட்டது நினைவிருக்கும், எடுத்தது நினைவிருக்காது. பூட்டிய கதவைத் திரும்பப் போய் இழுத்துப்பார்க்கிறவர்கள்தானே எல்லாரும். நான் வாயைத் திறந்தேன். கோழிக்கும் காருக்கும் பொய்யைத் தயாராக வைத்திருந்த வாய் அது. அதை மூடிக்கொண்டேன். முட்டி வலிப்பதுபோல் குனிந்து முட்டியைத் தடவிக்கொண்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

மூன்று நாள் தடவினேன். முதல் நாள், பதற்றம் தணியட்டும் என்று. இரண்டாம் நாள், மெயில் லீவு. மூன்றாம் நாளுக்குக் காரணம்கூட இல்லை. நான்காம் நாள் மெயிலின் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மறந்தது நான், சட்டைக்கை, வெயில், எல்லாம். அவர் நிதானமாகக் கேட்டார். பிறகு ஒரு காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். மச்சினன் தன் தவறு என்று எழுதிக் கொடுத்தது. முந்தின நாளே மேலிடத்துக்கும் கட்டடக்காரருக்கும் போய்விட்டதாம். பதிவேட்டிலும் அவன் கையெழுத்துதானாம். அவனை வேலையைவிட்டு எடுத்தும் ஆயிற்றாம்.

"நீங்க சொல்றதை நான் நம்பறேன்" என்றார். "ஆனா இப்ப மாத்தினா கம்பெனியே பொய் சொல்லுதும்பாங்க. அவரையும் திருப்பி எடுக்க மாட்டாங்க, உங்களையும் அனுப்பிடுவாங்க. ஒருத்தர் போதும்னு விடுங்க."

அவன் பேரையாவது திருத்துங்கள் என்றேன். ஒரு மெயில் போடச் சொன்னார். போட்டேன். கிடைத்தது என்று பதில் வந்தது.

அன்று மாலையே மச்சினன் வீட்டுக்குப் போனேன். அவன் டூல் பையைத் துடைத்து, ஒவ்வொன்றையும் எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான், விற்கப்போகிறவன் மாதிரி. உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டான். சிரித்தான். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். கோழி செத்த வருடம் மாமனார் சிரித்த அதே சிரிப்பு.

"வேணாம் மாமா" என்றான். "எத்தனை தடவைதான் எனக்காக நீங்க."

இது பொய்யில்லை என்றேன். அவன் க்ளிப் உள்ளே இருந்திருந்தால் மத்தியானம் பெட்டி எப்படி நின்றிருக்கும், யோசித்துப் பார் என்றேன். எனக்கே அந்தக் கேள்வி பிரமாதமாகத் தோன்றியது.

"அது நின்னதை நீங்க மட்டும்தானே பார்த்தீங்க" என்றான்.

மூன்று நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பான் என்று பயந்துகொண்டே போயிருந்தேன். கேட்கவே இல்லை. அவன் கணக்குப்படி, அந்த மூன்று நாளும் நான் இந்தப் பொய்யை ஜோடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வழி மிச்சமிருந்தது. அவனுடைய ஜம்பர் எங்கேயோ கிடக்க வேண்டுமே. நாங்கள் வேலைக்குப் போய்வரும் வேனை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிரித்துப்போட்டேன். சீட்டைக் கழற்றினேன், பழைய ஃபில்டர் அட்டைகளை ஒவ்வொன்றாக உதறினேன். பக்கத்துச் சீட்டின் கீழே, மிதியடிக்கும் தகரத்துக்கும் நடுவில் கிடைத்தது. சிவப்பு, ஒரு சாண், இரண்டு க்ளிப். ஐம்பத்திரண்டு வயதில் தெருவில் ஓடினேன், இந்த முட்டியோடு.

மச்சினன் அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தான். க்ளிப்பின் பல்லைத் தடவினான். கண் கலங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"புதுசா ஒண்ணு செஞ்சே கொண்டாந்துட்டீங்களா மாமா."

சிவப்பு வயர் சுருள் இன்னும் என் வீட்டில் இருப்பது அவனுக்குத் தெரியும். அழுக்கைக் காட்டினேன். வேனில் போட்டுப் புரட்டியிருப்பீர்கள் என்றான். என் திறமைமேல் அவனுக்கு அத்தனை நம்பிக்கை.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். இவளிடம் மட்டும் எப்போதும் உண்மை பேசியிருக்கிறேன், இவளுக்குத் தெரியும் என்று நினைத்தேன். அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அவன் என் தம்பிதான். அதுக்காக உங்க வேலையையும் கெடுத்துக்காதீங்க" என்றாள். பிறகு, குரல் இறங்கி, "உங்களைக் கட்டினதுக்கு நான் குடுத்து வெச்சிருக்கணும்" என்றாள்.

இருபத்தாறு வருடத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சாதாரணமாக, என்ன பாவம் செய்தேனோ என்பாள். அதில் ஒரு நியாயம் இருந்தது. அன்று இரவு எனக்கு இரண்டு முறை சோறு போட்டாள். சாப்பிட்டேன். சாப்பிட முடிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நம்பிய ஒரே ஆளுக்கு அது தேவைப்படவில்லை. தேவைப்பட்டவர்கள் யாரும் நம்பவில்லை. எனக்கு வந்த நல்ல பெயர் மட்டும் நாளுக்கு நாள் வளர்ந்தது. சொந்தக்காரர்கள் வீட்டில் என்னை உதாரணம் காட்டிப் பேசினார்கள். மச்சினனைப் பற்றி, என்ன இருந்தாலும் ராசிக்காரன் ராசிக்காரன்தான் என்றார்கள். ஆறு வருடம் கொஞ்சம் தள்ளிப்போயிருந்தது, அவ்வளவுதான் என்றார்கள்.

அவன் கார் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கொடுக்கிற வேலைக்குப் போனான். சீட்டைக்கூட மிஷின்தான் துப்பும், இவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். வேறு இரண்டு கம்பெனியில் கூரை வேலைக்குக் கூப்பிட்டார்கள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரே ஒருவரிடம் சொல்லிவைத்தார். மாட்டேன் என்றுவிட்டான். அங்கேயாவது போடா, நானும் கூட வர்றேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். "இங்க தொடறதுக்கு எதுவும் இல்ல மாமா, நிம்மதியா இருக்கு" என்றான். பேசும்போது கைகளை அக்குளில் செருகியிருந்தான்.

கடைசியாக அந்தத் துப்புரவு அம்மாவிடம் போகலாம் என்று தோன்றியது. அவருக்கு எங்கள் கோழி தெரியாது, கார் தெரியாது. என்னைப் பார்த்ததே இல்லை. அவர் நம்பினால், அவர் வாயால் அவனிடம் சொன்னால், ஒருவேளை.

கட்டடத்துக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி ஒரே அறை வீடு. கதவு திறந்திருந்தது. கை மாவுக்கட்டில் கழுத்தோடு தொங்கியது. கட்டின்மேல் யாரோ பேனாவால் ஒரு பூ வரைந்திருந்தார்கள். என்னை விட நான்கைந்து வயது மூத்தவராக இருப்பார். அக்கா என்று ஆரம்பித்தேன். பெட்டி வேலைக்காரன் என்று சொன்னதுமே உட்காரச் சொன்னார்.

"நீங்கதானா அந்த மாமா" என்றார். "உங்க மச்சான் சொன்னாரு. என் மாமா ஒரு நாள் வருவாரு, தப்பைத் தன் தலையில போட்டுக்குவாரு, நம்பிடாதீங்க, அவ்வளவு நல்ல மனுசன்னு."

அவன் அங்கே வந்துபோகிறான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். வாரம் மூன்று நாளாம். தண்ணீர் பிடித்து வைப்பானாம், காய் நறுக்கிக் கொடுப்பானாம். கட்டின்மேல் பூ வரைந்தது அவன் மகளாம்.

நான் விடவில்லை. மடித்த சட்டைக்கையோடு நடித்துக்கூடக் காட்டினேன். அவர் பொறுமையாகத் தலையாட்டினார். குழந்தை ஒப்பிக்கிற பாடத்தைக் கேட்பவர் மாதிரி.

"சரி தம்பி, நீங்கதான்னே வெச்சுக்குவோம்" என்றார். "அப்பவும் இந்தக் கைதானே ஒடிஞ்சிருக்கும்."

அவர் எழுந்து போய்க் குளியலறையிலிருந்து ஒரு வாளியைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தார். போர்வை ஒன்று காலையிலிருந்து ஊறிக்கொண்டிருந்தது. அலசிவிட்டாராம், ஒற்றைக் கையால் பிழிய வரவில்லையாம். வந்ததற்கு இதைச் செய்துவிட்டுப் போகச் சொன்னார்.

ஒரு முனையை அவர் இடது கையில் சுற்றிக் கதவு நிலையில் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டார். நான் மறுமுனையை முறுக்கினேன். தண்ணீர் என் காலில் கொட்டி வாசலுக்கு ஓடியது. முறுக்கினேன், முட்டி நடுங்க முறுக்கினேன். அவர் போர்வையை ஒரு இடத்தில் அழுத்திப் பார்த்தார்.

"இன்னும் நிக்குது தம்பி தண்ணி. உங்க மச்சான் பிழிஞ்சா அரை மணியில காஞ்சிடும்" என்றார்.

நான் மறுபடியும் முறுக்கினேன்.